பக்கத்துப் பாயில் அக்கா

1

இந்தக் கதை என்னுடையதில்லை. என் மூக்குக்கண்ணாடியின் வளைந்த காலை நிமிர்த்திக் கொடுத்த கடைப் பெண் சொன்னது. முடிவைச் சொல்வதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அவள் எழுந்து போய்விட்டாள். மிச்சத்தைக் கேட்க மறுபடி போகலாம்தான். போகவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் வானத்தை ஏறிட்டுப் பார்த்தாள், ஏனென்றால் அவளுக்குள்...'

வேண்டாம். நெடுந்தூரம் துப்பாக்கி சுடுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. கொடியைப் பார்ப்பார்கள், புல்லைப் பார்ப்பார்கள், கானலைப் பார்ப்பார்கள். தங்கைக்காக அதையெல்லாம் பார்த்தவள் அக்கா.

2

பந்தயங்களில் தங்கை பாயில் படுத்துச் சுடுவாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, டெலஸ்கோப் வழியாகக் காற்றைப் பார்த்துச் சொல்வாள். "இடப்பக்கம் கொஞ்சம் தள்ளுடி... பொறு... இப்ப விடு." அம்மா போன பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சில் பாதி காற்றைப் பற்றித்தான்.

போன ஆண்டு இறுதிச் சுற்றில் காற்று சட்டென்று திரும்பிக்கொண்டது. கடைசிக் குண்டு விலகிப் போயிற்று. தங்கை எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நீ சொன்ன காத்தாலதான் எல்லாம் போச்சு."

அக்கா அந்த வாரமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

(முதல் வரைவில் அக்காவைச் சாகடித்திருந்தேன். செத்தவர்களிடம் கோபம் சுலபமாக ஆறிவிடும். அதனால் பிழைக்க வைத்தேன்.)

தங்கை இப்போதும் நடைவழியில் பாயை விரித்து, குண்டில்லாத துப்பாக்கியோடு படுத்துக் குறி பழகுவாள். மூச்சை நிறுத்திக்கொண்டு அந்த 'இப்ப விடு'வுக்குக் காத்திருப்பாள். யாரும் சொல்ல மாட்டார்கள். மூச்சு முட்டியதும் விரலை எடுத்துவிடுவாள்.

3

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில் ஒரு குண்டு எவ்வளவு கெட்டி என்பதற்கு ஓர் எண் உண்டு. சுடுகிறவர்கள் அதை 'பி.சி.' என்பார்கள். எண் பெரிதானால் குண்டு சீக்கிரம் வேகம் இழக்காது. காற்றும் அதை அதிகம் தள்ளாது. ஆனால் ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுத்தான் இந்த எண்ணைப் போடுகிறார்கள். மாதிரிகள் பல இருந்தாலும் புழக்கத்தில் இரண்டு: அடி தட்டையான பழைய குட்டைக் குண்டு, வால் சிறுத்த நீளக் குண்டு. ஒரே குண்டுக்குக் குட்டையின் பக்கத்தில் பெரிய எண் கிடைக்கும். நீளத்தின் பக்கத்தில் ஏறக்குறைய பாதிதான். பக்கத்தில் நிற்கிறவனைப் பொறுத்துத்தானே நம் உயரம்.

('மனிதர்களும் அப்படித்தான்' என்று அடுத்து ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா.)

4

இந்த ஆண்டுப் பந்தயத்துக்குத் தங்கை தனியாகப் போனாள். வழக்கமான குண்டு கிடைக்காததால் புதிதாக ஒன்றை வாங்கியிருந்தாள். பெட்டியில் இரண்டு எண்கள். பெரியதைப் பார்த்துப் போனிலிருந்த கணக்குச் செயலியில் தட்டினாள். அந்த வேலையெல்லாம் எப்போதும் அக்காவுடையது. செயலி நீளக் குண்டுக் கணக்கில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பக்கத்துப் பாயில் ஒரு பல் டாக்டர் படுத்திருந்தார். அவருக்குக் காற்றுப் பார்க்க உட்கார்ந்திருந்தது அக்கா.

ஆயிரம் மீட்டர். மதிப்பெண்ணில் சேராத சோதனைச் சுடல்கள் முதலில். தங்கை சுட்டாள்; இலக்கில் குண்டு பட்ட அடையாளம் எதுவும் ஏறவில்லை. மறுபடி சுட்டாள். மறுபடியும் இல்லை. துப்பாக்கி உதைக்கும்போது கண் குறியை விட்டு விலகிவிடும்; குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். சோதனைக்கு இன்னும் ஒரு குண்டுதான் பாக்கி.

அப்போது பக்கத்துப் பாயில் அக்கா, டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், உரக்கச் சொன்னாள்:

"டாக்டர், பெட்டியில ரெண்டு நம்பர் போட்டிருப்பான். பெரிசு பழைய குட்டைக் கணக்குக்கு. நீளக் கணக்குக்குச் சின்னதுதான். மாத்திப் போட்டா குண்டு கீழ கிடக்கிற மண்ணைத்தான் தின்னும்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "நான் சரியாத்தானேம்மா போட்டிருக்கேன்?"

"தெரிஞ்சு வச்சுக்கங்க. சில பேரு பெரிய நம்பரப் பாத்தா மயங்கிடுவாங்க."

"என்னையா சொல்றீங்க?"

"உங்களச் சொல்வேனா டாக்டர். நீங்க சுடுங்க."

தங்கைக்குக் காது சுட்டது. குண்டு மண்ணில் விழுந்ததை டெலஸ்கோப்பில் பார்த்தவள், பாயோரம் கிடந்த புதுப் பெட்டியையும் பார்த்திருக்கிறாள். சாடையானால் என்ன, அவள் காதில் விழவேண்டும் என்று சொன்னதுதானே. எண்ணை மாற்றினாள். குண்டை மகா கெட்டிக்காரன் என்று நம்பியிருந்த செயலி இப்போது குறியை வெகுவாக உயர்த்தச் சொன்னது. கடைசிச் சோதனைக் குண்டு இலக்கில் பட்டது.

பிறகு காற்றை அவளே பார்த்து, அவளே சொல்லிக்கொண்டு, அவளே சுட்டாள். பரிசு இல்லை. நடுவில் எங்கோ வந்தாள். டாக்டர் அவளுக்கு மேலே.

5

இதற்கு மேல் நான் கேட்டது கொஞ்சம்தான். வண்டிகள் நிற்குமிடத்தில் அக்கா காரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். தங்கை போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. அங்கேதான் கடைப் பெண் எழுந்து போனாள்.

'மன்னிச்சுக்கோக்கா' என்று எழுதிப் பார்த்தேன். அந்த வரைவில் அக்கா "சரி" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கையைச் சிரிக்க வைத்துப் பார்த்தேன். அவள் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை.

அக்காவே முதலில் பேசுவதாக வைக்கலாமா என்றால் கை வரவில்லை. அவள் பேச வேண்டியதை டாக்டரிடம் பேசிவிட்டாள்.

எனவே உங்களிடம் விடுகிறேன். அக்கா இன்ஜினை அணைத்துவிட்டாள். தோளில் துப்பாக்கிப் பையோடு தங்கை குனிந்து நிற்கிறாள். முதல் சொல்லை நீங்கள் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பின்னால் ஒரு வண்டிக்காரர் வழி கேட்டு ஹாரன் அடிக்கிறார்.