வெள்ளிக்கிழமைப் பாட்டும் சென்னியப்பண்ணன் வீடும்

நான் கொடுத்த பாட்டு ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருக்கும் நடைவழி நீண்டுவிடும். வீடு வாங்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். பழைய அடுக்ககங்கள் பலவும், யார் பாட்டு கொடுத்தாலும், இப்படித்தான்.

வாரம் முழுக்கக் கேட்டதில் பொறுக்கியெடுத்து, வெள்ளிக்கிழமை காலையில் அடுக்கு டிபன் கேரியரில் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடியில் பறை. கனமானது அடியில்தான் இருக்க வேண்டும். அதன் மேல் கஜல். அதன் மேல் ட்ரம்பெட் ஊதும் ஜாஸ். பிறகு பாலைவனத்துக் கிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, சூடு ஆறாமல், எந்த மொழி என்று தெரியாத ஒரு தாலாட்டு.

எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அடுக்குவதில் எனக்குத் தனித் திறமை இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். முதலில் சொன்னது நான்.

"நல்லா இருந்துச்சுங்க" என்பார்கள் எல்லா வீட்டிலும். மேல்வீட்டு ஜெயமணியக்கா மூடியைத் திறக்காமலேயே சொல்வார். அதனால் அந்த வீடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

எதிர்வீட்டு சென்னியப்பண்ணன் மட்டும் கேட்டுவிட்டுச் சொல்வார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார்.

"அந்த ட்ரம்பெட்காரனுக்கு மூச்சு எங்க வாங்கறதுன்னே தெரியல அம்மிணி" என்றார் ஒரு வாரம். மறுநாள் அவர் கதவு தெருமுனை தூரத்தில் இருந்தது. கஜலைப் பற்றி, "அழுகறவன் அழுதுட்டுப் போகோணும். நின்னு நின்னு அழுகக் கூடாது" என்றார். நடைவழியில் ஒரு டீக்கடை வந்தது. கடலலைச் சத்தம் மட்டுமே உள்ள நீண்ட பாட்டு ஒன்றைக் கொடுத்தேன். அதற்கு அவர் கொட்டாவி விட்டார். அந்த வாரம் பஸ் விட ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கோபம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் முதலில் அவருக்குக் கொடுக்கத்தான் கை போகும். மற்ற வீடுகளில் என் பாட்டுகள் ஃப்ரிட்ஜுக்குள் நேற்றைய சாம்பாருக்குப் பின்னால் கிடப்பது எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை ஜெயமணியக்கா வந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி.

"இன்னொருக்கா நடைவழி நீண்டுச்சுன்னா சென்னியப்பண்ணன் வீடு பக்கத்து ஜில்லாவுல போயிரும் கண்ணு."

"போனா என்னங்க்கா?"

"பாட்டு ஜில்லா விட்டு ஜில்லா போகாது. எல்லையிலயே எறங்கிக்கும். அப்பறம் அவருக்கு நீயி ஒண்ணும் குடுக்க முடியாது."

"நான் என்ன பண்ணோணும்?"

"ஒருத்தருக்கும் புடிக்காமப் போகாத பாட்டாக் குடு. எம்பட பையன் கல்யாணத்துல போட்டமே, அந்த மாதிரி. ஒரு ஆளு ஒண்ணும் சொல்லல."

"ஒரு ஆளும் கேக்கவே இல்லீங்களே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அன்று சாயங்காலம் அப்படிப்பட்ட பாட்டுகளைத் தேடினேன். நிறைய இருந்தன. ஒன்றை எடுத்துக் கேரியரில் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். காலிக் கேரியரின் கனமே இருந்தது. திருப்பி எடுத்துவிட்டு, வழக்கம்போல பறையிலிருந்து ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை என் வாசலிலேயே பஸ் ஏறினேன். இருபக்கமும் கோலங்களும் செருப்பு ஸ்டாண்டுகளும் பின்னால் போயின. நடுவில் ஒரு சோளக்காடு வந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் நன்றாக விளைந்திருந்தது.

கண்டக்டர் கேரியரைத் தட்டிப் பார்த்தார்.

"பாட்டுங்களா?"

"ஆமாங்க."

"சோகமா, சந்தோஷமா?"

"எல்லாம் இருக்குதுங்க."

"சோகத்துக்கு சன்னலோரம் குடுத்தாகோணும். தனியா எடுத்து வைங்க."

கஜல் அடுக்கைக் கழற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அது வெளியே பார்த்துக்கொண்டு வந்தது.

"பறைய மடியில வெச்சுக்குங்க" என்றார். "நிக்க வெச்சா டிரைவர் ஆடுவாரு."

அப்படியும் டிரைவர் ஆடினார். யாரோ வாசலில் போட்டிருந்த தடித்த மிதியடி மேல் பஸ் ஏறி இறங்கியது. எல்லா மூடிகளும் திறந்துகொண்டன. கஜல் பறைக்குள் விழுந்தது. கிட்டார் கண்டக்டரின் விசிலுக்குள் புகுந்தது. அவர் ஊத ஊத பாலைவனம் வந்தது. முன்சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தொடையில் தாளம் போட்டார். கைக்குக் கிடைத்ததை எல்லாம் வழித்து ஒரே அடுக்கில் போட்டு மூடினேன். வாரம் முழுக்க யோசித்த வரிசை போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் என்னையும் ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

கடைசி நிறுத்தம் சென்னியப்பண்ணன் வீடு. அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் எல்லைப் பலகைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். பெயர் எழுதவில்லை.

"நீங்க உள்ள போயிட்டு வாங்க" என்றார். "அதுக்கப்பறந்தான் எழுதோணும்." தூரிகையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணன் கதவைத் திறந்தார். "வாங்க அம்மிணி. எளைச்சுப் போயிட்டீங்க."

"தூரமுங்கண்ணா."

அவர் மூடியைத் திறந்தார். நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். நான் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத ஆரு வரிசை பண்ணுனது?"

"மிதியடிங்க."

"உங்களவிட அது தேவலை."

டைல்ஸ் லேசாக நகர்ந்து, யோசித்து, பழைய இடத்துக்கே வந்தது.

"தாலாட்டுக்குள்ள ட்ரம்பெட்காரன் மூச்சு வாங்கறான் பாருங்க. கொழந்த தூங்குதுன்னு மெதுவா வாங்கறான். இப்பத்தான் பழகியிருக்கான். ஆனா அந்தக் கிட்டாரு…"

"சொல்லாதீங்கண்ணா. வெளியில ஒருத்தர் பிரஷ்ஷோட நிக்கறாரு."

"கேட்டுப்போட்டு எப்படிங்க சொல்லாம இருக்கறது?"

வேறு எந்த வீட்டிலும் என்னிடம் இப்படி ஒருவர் சொன்னதில்லை.

அவர் உள்ளே போய் ஒரு பழைய ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்தார். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது. ஆருக்கும் குடுத்ததில்ல."

"என்ன பாட்டுங்கண்ணா?"

"எங்க ஊட்டுக்காரி பாடுனது. டிரான்ஸ்பார்மர் வேலையா நின்னப்ப சோறு கொண்டாந்தா. அது ரீங்குன்னு கத்திட்டிருந்துச்சா, அதயே சுருதியா வெச்சுப் பாடிப்போட்டா."

தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நான் உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். நடுவில் வேறு எதையும் நினைக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க அம்மிணி?"

"நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லியிருக்கலாம். பஸ் வெளியே நின்றிருந்தது. ஜெயமணியக்கா சந்தோஷப்பட்டிருப்பார்.

"சுருதி சேரலைங்கண்ணா" என்றேன். "டிரான்ஸ்பார்மர் சரியா நிக்குது. பாடற அக்காதான் எறங்கறாங்க."

அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். திரும்பவும் திறந்தார்.

"இதயேதான் நானும் அவகிட்டச் சொன்னேன்" என்றார். "ஒரு வாரம் எங்கூடப் பேசல."

வாசலுக்கு வெளியே டைல்ஸ் நீளும் சத்தம் கேட்டது. பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. பெயிண்டர் எழுதி முடித்து ஏணியை மடக்கினார். அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பக்கத்து ஜில்லா ஆயிருச்சு."

"உங்க வீடுங்களா?"

"உங்க வீடு."

நானும் பார்த்தேன். சோளக்காடு வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

"இனி பஸ்ஸு எப்பங்கண்ணா?"

"இந்த ஜில்லாவுல எனக்கு வெவரம் பத்தாதுங்க." பாயை உதறி விரித்தார். "இன்னொருக்கா போடட்டுங்களா? எந்த எடத்துல எறங்கறான்னு காட்டுங்க."

"போடுங்க."

டிரான்ஸ்பார்மர் ரீங்கரிக்க ஆரம்பித்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அந்த இடம் வந்ததும் நான் விரலைத் தூக்கினேன்.

"இல்லீங்க" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. "அதுக்கு முன்னாடியே எறங்கிட்டா."