பவர் ஆம்ப் வாங்குவதா, வேண்டாமா

"ஏலே, ஸ்பீக்கர் வலையில கை வைக்காதீங்க! அடியில பிடிச்சுத் தூக்குங்க!"

அழுகைக்கு நடுவே மகாதேவி போட்ட சத்தத்தில், ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிய இளவட்டங்கள் திடுக்கிட்டு நின்றார்கள். மலைச்சாமியைக் கிடத்த இடம் வேண்டும். கூடத்தில் பாதியை அவருடைய ஸ்டீரியோ அடைத்துக்கொண்டிருந்தது. புருஷன் போன வீட்டில் பெட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று வில்பட்டிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"உள்ரூமுக்குக் கொண்டுபோங்க. ஈரச் செவுத்துல சாய்ச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழத் தொடங்கினாள்.

பூண்டும் கேரட்டும் போட்டுப் பிழைக்கிறவருக்கு இவ்வளவு பெரிய செட்டு எதற்கு என்று கேட்காத ஆளில்லை. வட்டக்கானலில் விடுதி நடத்திய ஒருவர் காலி பண்ணிக்கொண்டு போகும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கி வந்த அன்றே மலைச்சாமி குறையைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்பீக்கர்கள் பெரிசு, ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பற்றாது, கூடவே தனியாக ஒரு பவர் ஆம்ப் சேர்த்தால்தான் பாட்டு நிறைந்து கேட்கும். வாங்குவதா, வேண்டாமா? பேச்சு அன்றைக்கு ஆரம்பித்தது.

மகாதேவிக்கு அப்போது வாட்ஸும் தெரியாது, ஓம்ஸும் தெரியாது. எதிர்த்துப் பேச வேண்டுமே என்பதற்காகவே கற்றுக்கொண்டாள். சாயங்காலமானால் இருக்கிற விளக்கே அழுது வடிகிறது, இந்தக் கரண்டை நம்பி இன்னொரு பெட்டியா என்பாள்.

"சத்தத்தக் கூட்டுறதுக்கு இல்ல புள்ள. மெதுவா வச்சாலும் தபேலா அடி முழுசா விழணும். அதுக்குத்தான்" என்பார்.

ஸ்பீக்கர் எரிந்துபோனால் என்ன செய்வது என்பாள். பெரிய ஆம்ப்பால் எரிந்ததைவிட, சின்ன ஆம்ப்பை முடுக்கி முடுக்கி எரிந்ததுதான் அதிகம் என்று அதற்கும் பதில் வைத்திருப்பார். தட்டில் சோறு ஆறிப்போகும். மகன் ராஜேஷ்குமார் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். மஞ்சு இறங்கிவிட்டால் பக்கத்துத் தோட்டத்து ஆள்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

ஒருமுறை அவரே, "வேண்டாம், விட்டுருவோம்" என்று முடித்துவிட்டார். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு "குழம்பு ஊத்து" என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை. மறுநாளும் அப்படித்தான். வீட்டுக்குள் உட்கார முடியாமல், அடுத்த நாள் அவளாகவே போய், "யோசிச்சுப் பாத்தா அடிச்சத்தம் கொஞ்சம் கம்மியாத்தாங்க இருக்கு" என்றாள். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் கட்சி மாறிக்கொண்டு, அவள் வேண்டும் என்றும் அவர் வேண்டாம் என்றும் அந்தப் போகம் முழுக்க ஓடியது.

"ஆண்டிங்க கூடி மடம் கட்டுன கதையால்ல இருக்கு மதினி" என்று நாத்தனார் பாப்பம்மாள் கேலி பண்ணுவாள். மடத்தைக் கட்டி முடித்துவிட்டால் ஆண்டிகள் அப்புறம் எதைப் பேசுவார்கள் என்று மகாதேவி மனசுக்குள் நினைத்துக்கொள்வாள். வெளியே சொன்னதில்லை.

நேற்றுதான் விஷயம் நெருக்கிவிட்டது. வத்தலக்குண்டில் பழைய ஆடியோ சாமான் விற்கும் ஜெயமுருகன், நல்ல ஆம்ப் ஒன்றை இவருக்காக எடுத்து வைத்திருந்தான். படுக்கையில் மலைச்சாமி, "நாளைக்கு அந்தத் தம்பிக்கு ஒரு முடிவு சொல்லியாகணும். நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"காலையில பேசிக்கலாம், தூங்குங்க" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளனே காப்பியோடு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்து கிடந்தது. மாரடைப்பு என்றார்கள். என்ன வந்து அடைத்தால் என்ன, அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்ல வேண்டியவள் இவள். வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் அதுதான் அவள் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

ராஜேஷ்குமார் ஓசூரிலிருந்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். முகம் கழுவ உள்ரூம் வழியாகப் போனவன், அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பதினாறு முடிஞ்சதும் என்கூட வந்துரும்மா. இங்க தனியா ஒனக்கு என்ன சோலி? இந்தச் செட்ட அந்த வத்தலக்குண்டுக் கடைக்காரருக்குக் குடுத்துருவோம். இனிமே யாரு கேக்கப்போறா?"

"மொதல்ல அவர வழியனுப்பிட்டு வா" என்றாள் மகாதேவி.

தூக்கிக்கொண்டு போனார்கள். கொட்டுச் சத்தம் மஞ்சுக்குள் இறங்கி இறங்கித் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். "வாங்க மதினி, தல முழுகிட்டு வந்துருவோம்" என்று பாப்பம்மாள் கூப்பிட்டாள். "நீ முன்னால போ" என்று அவளை அனுப்பிவிட்டு மகாதேவி உள்ரூமுக்குள் போய் நின்றாள். இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இவ்வளவு பெரிய வீடா இது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆணியில் தொங்கிய மலைச்சாமியின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்தாள்.

"அண்ணே, ஜெயமுருகன் பேசுறேன்."

"அக்கா பேசுறேன் தம்பி. எங்கிட்டயே சொல்லுங்க."

"இன்னைக்கு முடிவு சொல்றேன்னு அண்ணன் சொன்னாருக்கா. திண்டுக்கல்லுல இருந்து ஒருத்தரு வந்து அந்த ஆம்ப்ப இப்பவே குடுங்கன்னு நிக்கிறாரு. குடுத்துரவா, இல்ல வச்சிருக்கவா?"

நடந்ததைச் சொன்னால் முடிந்தது. வேண்டாம் என்றாலும் முடிந்தது. முடிந்துவிடும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்த வீட்டில் அவரோடு பேச அவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

"குடுத்துராதீங்க தம்பி. நாங்க இன்னும் பேசி முடிக்கல."

ஜெயமுருகன் சிரித்தான். "இத்தன வருசமாவாக்கா?"

"அவரு கேட்டுட்டாரு. நான்தான் இன்னும் பதில் சொல்லல."

"சரிங்கக்கா, பொறுமையாவே பேசிட்டுச் சொல்லுங்க. அண்ணனக் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மயானத்துக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். தலை ஈரத்தோடு படியேறாமல் நின்ற ராஜேஷ்குமார், "அம்மா, கால் கழுவத் தண்ணி" என்று கூப்பிட்டான். மகாதேவி போனைத் திரும்பவும் மலைச்சாமியின் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, செம்பை எடுக்கப் போனாள்.