கறை பிடிக்காத கல்

கனகேஸ்வரி அந்தச் சமையல் மேடைக் கிரனைட் கல்லின்மேல் ஒரு நாளும் தேசிக்காய் வெட்டியதில்லை; எலுமிச்சைப் புளி பட்டால் மினுக்கம் போய்விடும் என்ற பயம். மேசை விளிம்பில் பூட்டுகிற திருவலை வீட்டில் இருந்தது. ஆனால் அதைப் பூட்டி முறுக்கினால் கல்லின் விளிம்பு தெறித்துவிடும் என்று தம்பியின் மனைவி, மச்சாள் சுபோதினி லண்டனிலிருந்து வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதனால் தேங்காய் துருவ வேண்டுமென்றால், கனகேஸ்வரி பழைய திருவலைப் பலகையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், முழங்கால் வலியோடு தரையில் குந்துவாள். சுபோதினி அந்தக் குசினியில் மொத்தமாக நாலு தரம் தேத்தண்ணி போட்டிருப்பாள். சட்டம் போட அது போதாதா என்ன?

வெள்ளவத்தையில் கடற்காற்று நேரே உள்ளே வருகிற அந்த நாலாம் மாடி வீடு தம்பி நாகேந்திரத்தினுடையது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அக்காவைக் கூட்டிவந்து அதில் வைத்தவன் அவன். அம்மாவைப் பார்த்ததிலேயே அவளுடைய கலியாண வயது போய்விட்டது. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஊர்க்காணி தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பியதில் போனது. அதைப் பற்றியும் யாரும் கதைப்பதில்லை. அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், "அக்கா இங்கையே இருக்கட்டும். வீட்டைப் பாக்க ஆள் வேணும்தானே" என்றான் தம்பி. அந்த ஒரு வசனத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பார்த்தால் இருக்கலாம். ஆகவே பார்த்தாள்.

வெளிர் சாம்பல் நிறக் கல் அது, கறை பிடித்தால் உடனே காட்டிக்கொடுக்கிற சாதி. மஞ்சள் ஒரு துளி சிந்தினாலும் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் கல்லைத்தான் துடைப்பாள். வினாகிரி கிட்டவும் வரக்கூடாது. பவுடர் போட்டு உரஞ்சுகிற கதையே இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற துணி, பிறகு ஈரமெடுக்க இன்னொரு துணி. சூட்டுச் சட்டிக்குக் கீழே எப்போதும் தடித்த சாக்கு. வருடத்துக்கு ஒருக்கால் காலி வீதிக் கடையில் சீலர் வாங்கிவந்து, கல்லின் துளைகளை அடைக்கிற அந்த மருந்தைத் தன் கையாலேயே பூசுவாள். பிறகு தண்ணீர் தெளித்துப் பார்ப்பாள். துளிகள் ஊறாமல் உருண்டு நின்றால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நித்திரை வரும்.

ஆவணியில் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, வீட்டை விக்கப் போறம். பிள்ளையள் இனி அங்கை வரப்போறேல்லை. நீ ஒண்டுக்கும் யோசியாதை. வயது போன ஆக்களுக்கு நல்ல ஹோம் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன்."

ஹோம் எப்படியிருக்கும் என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். கீழ்மாடி மாமியை அப்படியொன்றில் போய்ப் பார்த்திருக்கிறாள். வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்கள், யார் வாசலில் வந்தாலும் தன்னைத்தான் பார்க்க வந்திருக்கிறார்களோ என்று நிமிர்கிற தலைகள். "ஓம் தம்பி" என்று மட்டும் சொன்னாள். வேறென்ன சொல்வது, வீடு அவனுடையது.

புரோக்கர் ஜனா படமெடுக்க வந்தான். குசினிக்குள் வந்ததும் விசிலடித்தான்.

"வீடு பழசுதான் அன்ரி. ஆனா இந்தக் கல்லைக் காட்டியே வித்துப்போடுவன்."

இங்கேயே இருக்க வேண்டுமென்றுதான் இத்தனை காலமும் துடைத்தாள். துடைத்ததே இப்போது அவளைத் துரத்தப் போகிறது.

வீடு பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன அன்று காலையில் அவள் ஒரு வேலை செய்தாள். கல் அவலட்சணமாகிவிட்டால் வருகிறவர் திரும்பிப் போய்விடுவார், இன்னும் சில மாதம் இங்கே கிடக்கலாம் என்பது அவளுடைய எண்ணம். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கல் முழுக்க அள்ளிப் பூசினாள். தேசிக்காயை அதன்மேலேயே வெட்டிப் பிழிந்தாள். கொதிக்கிற தாச்சிச் சட்டியை இறக்கி நேரே வைத்தாள். வளர்த்த பிள்ளையை அடிப்பதுபோல இருந்தது. மத்தியானம்வரை கதிரையில் குந்திக் காத்திருந்துவிட்டு எழும்பித் துடைத்தாள்.

ஒன்றுமில்லை. மஞ்சள் அத்தனையும் துணியோடு வந்துவிட்டது. போன மாதம்தான் இரண்டு பூச்சு சீலர் பூசியிருந்தாள். கல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கனகேஸ்வரி நெற்றியை அதன்மேல் வைத்து வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. பிறகு கண்ணீர் விழுந்த இடத்தையும் துடைத்துவிட்டாள், பழக்கதோஷம்.

பின்னேரம் ஜனாவோடு வந்தவள் ஆரணி. வங்கியில் வேலை, ஆறேழு மாத வயிறு. கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"புதுசாப் போட்டதோ?"

"பழசுதான்" என்றான் ஜனா. "இந்த அன்ரிதான் பாக்கிறவ."

"எப்பிடி அன்ரி இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?"

கனகேஸ்வரி பொய் சொல்லியிருக்கலாம். அடியில் வெடிப்பு, ஒழுக்கு என்று எதையாவது அவிழ்த்து விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அதை அவளிடம் கேட்ட முதல் மனுஷி இவள்தான். "அது பெரிய வேலையில்லைப் பிள்ளை" என்று தொடங்கி, சோப்பிலிருந்து சீலர்வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல முகத்தில் பெருமைகூட வந்துவிட்டது. மானங்கெட்ட பெருமை.

ஆரணி கேட்டுக்கொண்டே குசினிக்குப் பின்னால் வேலைக்காரருக்கென்று கட்டியிருந்த அறையை எட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, நாங்கள் வந்தாப் பிறகும் நீங்கள் இங்கை நிப்பீங்களோ? பிள்ளை பிறந்தா எனக்கும் வீட்டு வேலைக்கு ஆள் வேணும். இந்த அறையை எடுத்துக்கொள்ளுங்கோ."

ஜனாவின் முகம் கறுத்தது. "ஐயோ மிஸ், இவ வீட்டுக்காரற்றை அக்..." என்று தொடங்கினான். கனகேஸ்வரி கையை நீட்டி அவனை மறித்தாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வாசலைக் காட்டியிருப்பாள். கனகேஸ்வரி அறையைப் பார்த்தாள். யன்னலில்லை. காஸ் சிலிண்டரையும் பழைய பேப்பரையும் எடுத்தால் ஒரு கட்டில் மட்டுமட்டாகக் கொள்ளும்.

"நிப்பன் பிள்ளை" என்றாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நிப்பன், மிஸ்" என்று திருத்திச் சொன்னாள்.