இரண்டு மணி நேரப் பயணம்

அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "கூப்பிட்டா அன்னைக்கே வந்து நிக்கிற தூரமா இருந்தா போ. இல்லைன்னா அந்த வேலையே வேண்டாம்." அத்தான் இறந்த பிறகு அவளுக்கு இருப்பது ஒரே மகள். நாங்கள் வாலு என்று கூப்பிடும் அந்த ஒருத்தியையும் எங்கோ அனுப்பிவிட்டுத் தையல் மிஷினோடு பேசிக்கொண்டிருக்க அவளுக்கு இஷ்டமில்லை.

வாலு வாதாடவே இல்லை. டிக்கெட்டை நீட்டினாள். விமானம் மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டு நான்கு மணிக்கு இறங்குகிறது. ஊர் பேரை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் பார்த்த அக்காவுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டே மணி நேரம்! பஸ்ஸுல கடைவீதிக்குப் போயிட்டு வரவே அவ்வளவு ஆகுது" என்று துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே பார்வை பார்க்கிற நான் அந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேனா? இல்லை.

கிளம்பும் அன்று பள்ளிச் சீருடைகள் தைக்கக் குவிந்து கிடந்ததால் அக்கா விமான நிலையத்துக்கு வரவில்லை. வாலு தையல் கடைக்குள் போய் விடைபெற்றுவிட்டு, நான் காரைத் திருப்பி நிறுத்துவதற்குள் வந்துவிட்டாள்.

நிலையத்து வாசலில் காவலரிடம் டிக்கெட்டைக் காட்டும்போதுதான் என் கண்ணில் பட்டது. பயண நேரம் ஏழரை மணி. தூரம் ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

"என்னடி இது?"

"அந்த ஊர் கடிகாரம் நம்மளவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி, மாமா. நான் இறங்குறப்போ அங்க நாலு மணிதான். டிக்கெட்டுல பொய்யில்ல."

"உன் வாயில?"

"அம்மாவாத்தான் கணக்குப் போட்டாங்க. நான் திருத்தல. திருத்தியிருந்தா விட்டிருப்பாங்களா?" அவள் கண் கலங்கிவிட்டது. "இறங்கினதும் நானே சொல்றேன், மாமா."

பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதற்குள் உள்ளே போய்விட்டாள். நான் கையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

நாலரை மணிக்குத் தையல் கடைக்குப் போனால், அக்கா போனும் கையுமாக வாசலில் நிற்கிறாள். "நாலு மணிக்கே இறங்கியிருக்கணும்டா. எத்தனை தடவை அடிச்சாலும் போகவே மாட்டேங்குது. பிளேனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" அவள் மறுபடி நம்பரை அழுத்துவதைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. மகளுக்குச் சேரவேண்டியதும் என் தலையிலேயே விழுந்தது. பிறகு ஓய்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இப்ப எங்கடா இருப்பா?"

என் போனில் காட்டினேன். கடலுக்கு மேல் சின்னதாக ஒரு விமானம். இன்னும் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மீதி இருந்தது.

"அப்போ கூப்பிட்டா அன்னைக்கே வர முடியாது."

"முடியாதுக்கா."

மறுபடி கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தூரமா இருந்தாலும் கடைசியில அனுப்பித்தான் இருப்பேன். சண்டை போட்டு, அழுது, அப்புறம் அனுப்பியிருப்பேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "பக்கத்துலதானே போறான்னு, வாயில இருந்த குண்டூசியக்கூட எடுக்காம, தலைய மட்டும் ஆட்டி அனுப்பிட்டேன்டா."