ரோலின் விட்ட இடைவெளி

அச்சு வாங்க வந்து முக்கால் மணி நேரம் ஆகியும் ரோலின் இன்னும் எதையும் வாங்கியபாடில்லை. டூயியின் துப்பாக்கிக் கடை மேசையில் இரண்டு டப்பாக்கள் திறந்து கிடந்தன. பின்னால் கைகட்டி நின்ற அவன் மனைவி வெர்னாவுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெடிப்பில் உப்பிப்போகும். அதை அச்சுக்குள் நெருக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி வெடிமருந்து அடைக்க வேண்டும். கூட்டின் கழுத்தை மட்டும் நெருக்கும் அச்சு ஒன்று, உடம்பு முழுவதையும் நெருக்கும் அச்சு ஒன்று. எது வேண்டும் என்பதுதான் வழக்கு. இந்த மொன்டானா குளிரில் வேறு வேலை இல்லாதவர்கள் இதை வைத்தே ஒரு பருவத்தை ஓட்டிவிடுவார்கள்.

"கழுத்து அச்சுதான் நல்லது. பித்தளையைப் போட்டுக் கசக்கக் கூடாது. பாவம், சீக்கிரம் வெடிச்சிரும்," என்றான் ரோலின்.

"அண்ணே, அது உங்க துப்பாக்கிக்குச் சரி. நீங்க கையால தள்ளி அடைக்கிறீங்க, கொஞ்சம் இறுக்கமா இருந்தா ஒரு தம் கட்டித் தள்ளிடுவீங்க. அக்காவோடது தானா அடைச்சுக்கற துப்பாக்கி. அங்க தள்ளறது வெறும் ஸ்பிரிங். அதுக்குக் கூடு தொளதொளன்னு போகணும்," என்றான் டூயி.

"நாப்பது வருஷமா செய்யறேன் டூயி."

"உனக்குச் செஞ்சே. எனக்குப் போன மாசம் மூணு தடவை சிக்கிச்சு," என்றாள் வெர்னா.

"நீ எண்ணெய் சரியா போடல."

வெர்னாவுக்கு இது பழகிய பாட்டு. முதலில் எண்ணெய் என்றான், பிறகு குளிர் என்றான், அப்புறம் அவள் தோளில் வைக்கும் விதம் சரியில்லை என்றான். தன் தோட்டாவைத் தவிர உலகத்தில் எல்லாவற்றின் மேலும் பழி போட்டாயிற்று. மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகும் குழுவில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம், சனிக்கிழமை அதற்குத் தேர்வு. வேகமாகச் சுடும் வேகச் சுற்றில் தோட்டா சிக்கினால் போனது போனதுதான், வீட்டில் செய்த தோட்டாவுக்கு மறுவாய்ப்புக் கிடையாது. ஆறு வருஷமாக இந்த இடத்துக்கு அவள் தவம் கிடக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, கை விறைக்க விறைக்கப் பழகியிருக்கிறாள்.

கடைசியில் முழு அச்சை அவளே எடுத்து டூயியிடம் நீட்டினாள். கூடவே கூடு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கும் அளவுக்குழலையும் வாங்கினாள். ரோலின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பேருந்தை விட்டுவிட்டு வந்தபோது, கராஜ் மேசையில் ஒரு பெட்டி நிறையத் தோட்டா தயாராக இருந்தது. அடடா, மனுஷன் சொன்னதைக் கேட்டிருக்கிறானே என்று மனசு குளிர்ந்துதான் போனது. ஒரு தோட்டாவை எடுத்து அளவுக்குழலில் போட்டாள். முழுசாக இறங்காமல், அடிப்பாகம் துருத்திக்கொண்டு நின்றது. இன்னொன்று போட்டாள். அதுவும் அப்படியே.

குனிந்து அச்சைப் பார்த்தாள். புது அச்சுதான். ஆனால் அது அடிவரை இறங்காமல், கூட்டைத் தாங்கும் பிடிக்கு மேல் நகக்கண் நுழையும் இடைவெளி விட்டு நின்றது.

"ரோலின், இது என்ன?"

"கொஞ்சம் தூக்கி வெச்சேன். முழுசா நெரிச்சா பித்தளை தாங்காது."

"டூயி அடிவரைக்கும் எறக்கச் சொன்னானா இல்லையா?"

"அவன் விக்கறவன், சொல்லுவான்."

"பித்தளை மேல இருக்கற இரக்கத்துல காவாசி என் மேல இருந்திருந்தா நான் எப்பவோ குழுவுல இருந்திருப்பேன். உங்கூட முடியல, நிஜமாவே முடியல."

"சிக்கினா அப்பப் பேசு," என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டான்.

வெர்னா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அச்சைத் திருகி அடிவரை இறக்கினாள். நெருக்காத காலிக் கூடுகள் வாளியில் கிடந்தன. ஒவ்வொன்றாக நெருக்கிக் குழலில் போட்டுப் பார்த்தாள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மருந்து அடைக்கும்போது அளவை அவன் வைத்தபடியே விட்டாள், அதில் அவனைக் குறை சொல்ல வழியில்லை. வேலை முடிந்ததும் தன் தோட்டாக்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவனுடைய பெட்டியை மேசையிலேயே விட்டாள்.

சனிக்கிழமை எதுவும் சிக்கவில்லை. வேகச் சுற்றில் துப்பாக்கி மூச்சு விடாமல் ஓடியது. காலிக் கூடுகள் புல்லில் சிதறின. குழுத்தலைவி ஆர்டிஸ் அவள் பெயரை வாசித்தபோது வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

"தோட்டா அருமையா ஓடுதே. யாரு செஞ்சது?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"எங்க வீட்டுல நான்தான்," என்றான் ரோலின், வாயெல்லாம் பல்லாக.

"அப்ப மாநிலப் போட்டிக்கு நாலு பேருக்கும் நீயே செஞ்சு குடுத்துடு. எல்லார் கிட்டயும் இதே மாதிரி துப்பாக்கிதான்."

"அதுக்கென்ன, செஞ்சிருவோம்."

இவ்வளவு பேர் நடுவில் கட்டினவன் மானத்தை வாங்க வெர்னாவுக்கு ஆசை இல்லை. ஆனால் விட்டால் நாலு பேருடைய துப்பாக்கியும் சிக்கும்.

"அவர் செய்ய வேணாம் ஆர்டிஸ். நான் செய்யறேன். இன்னிக்குச் சுட்டது நான் செஞ்சது. அவர் செஞ்சது வீட்டுல பெட்டியோட இருக்கு, ஒண்ணுகூட உள்ள போகாது."

ரோலின் அவளைப் பார்த்தான். "நான் வெச்ச அச்சை முழுசா எறக்கிட்டியா?" என்றான், திருட்டைக் கண்டுபிடித்தவன் போல.

"முழுசாத்தானே எறக்கணும்," என்றாள் ஆர்டிஸ், ஒன்றும் புரியாமல்.

வண்டியில் திரும்பும்போது, ஊர் எல்லையில் ரோலின்தான் வாயைத் திறந்தான்.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஒரு மாசமா சொன்னேன்."

ரோலின் ரோட்டையே பார்த்து ஓட்டினான். "ஆமா. சொன்னே," என்றான் மெதுவாக. "நான்தான் காதுல போட்டுக்கல."

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டும் கோபம் முழுசாக அடங்கவில்லை. அவன் நல்லவன்தான், ஆனால் திங்கட்கிழமை கராஜுக்குள் போனால் அவன் கை சும்மா இருக்காது.

"டூயி கடையில வண்டியை நிறுத்து," என்றாள்.

"எதுக்கு?"

"அச்சை எறக்கின எடத்துலயே பூட்டி வைக்க ஒரு வளையம் வாங்கணும். சாவி என் கிட்ட இருக்கும்."

"அதுக்கு ஏது சாவி, வெறும் திருகுதானே," என்றான் ரோலின்.

"அப்ப அந்தத் திருப்புளி என் கிட்ட இருக்கும்."

ரோலின் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.