பத்தரைக்குள் உருகாத பசை

விஜயதசமி அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மிஷினை ஓட்டி, முதல் பாக்கெட்டை எடுத்துப் பூஜைத் தட்டில் வைத்துவிட வேண்டும் என்பது முதலாளி வேணுகோபாலின் உத்தரவு. நேரம் குறித்துக் கொடுத்தவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் கமலினியின் அப்பா. "பத்தரையைத் தாண்ட விட்டுடாதேம்மா" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தார். துவாக்குடியில் சானிட்டரி நாப்கின் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனிக்குக் கமலினிதான் சூப்பர்வைசர். பெண் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லும் அப்பா, என்ன கம்பெனி என்று மட்டும் இதுவரை யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. நேரம் குறிக்க அந்தக் கூச்சம் இல்லை.

பசைக்குப் பஞ்சாங்கம் தெரியாதே! நாப்கினின் பஞ்சும் மேல்துணியும் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தாளும் ஒன்றாக நிற்பது அந்தப் பசையால்தான். வெள்ளைக் கட்டியாகத் தொட்டியில் போட்டால் நூற்றறுபது டிகிரியில் தேன்போல உருகும். குழாய் வழியே போய், நுனியிலிருக்கும் நாஸில் வாயிலிருந்து நூலாக இறங்கும். ஆயுத பூஜைக்காக அணைத்துப் போட்டதில் எல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. காலையிலேயே சூடேற்ற ஆரம்பித்தும், நடுவில் கரண்ட் போய் வந்ததில் காரியம் கெட்டது. பத்தேகாலுக்குத் தொட்டியும் குழாயும் சூடாகிவிட்டன. நாஸில் மட்டும் நூற்றுப்பத்திலேயே நின்றது.

நாஸில் சூடாகாமல் பம்ப் ஓடாதபடி மிஷினில் ஒரு பூட்டு உண்டு. ரிப்பேர் நேரத்தில் அதை மீறி ஓட்ட ஒரு சாவியும் உண்டு. அது அடையாள அட்டையோடு கமலினியின் கழுத்தில் தொங்கியது.

"என்னம்மா, மணி ஓடுது பாருங்க!" என்றார் வேணுகோபால். வீடியோ எடுக்கக் கையில் செல்போனோடு நின்றார். "ஷஹனாஸ், அந்த முகக்கவசத்தைக் கழட்டும்மா. முகம் தெரியட்டும்."

நாஸில் பக்கம் நிற்கும் ஆபரேட்டர் ஷஹனாஸ், தென்னூரிலிருந்து கம்பெனி வேனில் வருபவள். பசை தெறிக்காமலிருக்கப் போட்டிருந்த கவசத்தைக் கழற்றிக்கொண்டே கமலினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சூடு ஏறிடுச்சா அக்கா?"

கமலினி சூடு காட்டும் மிஷின் திரையைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள்.

"ஏறிடுச்சும்மா."

சாவியைத் திருப்பினாள். பம்ப் உறுமியது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைப் பிளக்க, எல்லோரும் கைதட்டினார்கள். நாஸிலிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஷஹனாஸுக்கு இது புதிதல்ல. தூசி அடைத்தால் செய்வதுபோலப் பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டு, நாஸில் வாயைக் குத்திவிடக் குனிந்தாள்.

பிரஷர் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போவதைக் கமலினி அப்போதுதான் கவனித்தாள். இறுகிய அடைப்புக்குப் பின்னால் கொதிக்கிற பசை முட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பி பட்டு அடைப்பு விட்டால் நேரே அந்த முகத்துக்குத்தான்.

"ஷஹனாஸ்! விலகு!"

நாதஸ்வரத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். பொத்தானைக் கதம்பம் மூடியிருந்தது. விழுந்து அபசகுனமாகிவிடக் கூடாதென்று நேற்று அவளே வாழைநாரால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டிய கதம்பம். பிய்த்தாள். பூதான் கையோடு வந்தது.

விட்டுவிட்டு ஓடினாள். ஷஹனாஸின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும், டப்பென்று அடைப்பு விட்டதும் ஒன்றாக நடந்தன. பீறிட்ட பசை எதிரே வைத்திருந்த பூசணிக்காயில் அடித்து வழிந்தது. ஒரு கீற்று கமலினியின் மணிக்கட்டில் விழுந்தது. உயிர் போய் வந்தது. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

ஷஹனாஸ்தான் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைத் தண்ணீரில் பிடித்தாள். "பசையை உரிச்சிடாதீங்க அக்கா, தோலோட வந்துடும்."

வேணுகோபால் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம் பாருங்க, பெருமாள் காப்பாத்திட்டார்."

ஷஹனாஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. "சூடு ஏறிடுச்சுன்னு சொன்னீங்களே அக்கா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பழியைக் கரண்டின்மேல் போடலாம், மிஷின்மேல் போடலாம், இரண்டும் வாய் திறக்காது.

"ஏறலம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். சாவி போட்டு ஓட்டிட்டேன்."

கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்தபோது, கமலினி கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி ஷஹனாஸிடம் கொடுத்தாள். கமலினியின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஷஹனாஸிடமிருந்து போன் வந்தது. ராகு காலம் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"நாஸில் நூத்தறுபது வந்துடுச்சுங்க. நானே பார்த்தேன். சார் பன்னெண்டு மணி வரைக்கும் பொறுக்கச் சொல்றாங்க. என்ன செய்யட்டும்?"

"சூடு வந்துடுச்சுல்ல, ஓட்டு. நான் சார்கிட்ட சொல்லிக்கறேன். முகக்கவசம் மட்டும் மறந்துடாதம்மா."

"அதெல்லாம் போட்டுட்டேன், மேடம்."

காலையில் அக்கா என்று கூப்பிட்ட வாய். கமலினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள்.