எட்டாவது பொட்டு

அந்த ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டை இறுக்குவது ஒருவர் வேலை. இறுகிவிட்டது என்று சொல்வது இன்னொருவர் வேலை. இறுக்குகிறவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். சொல்கிறவள் அக்காவின் தங்கை. சொல்வது என்றால் வாயால் அல்ல. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் கையில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி இருக்கும். மாமா டார்க் ரெஞ்சைப் பிடித்து இழுப்பார். வேண்டிய இறுக்கம் வந்ததும் அது ‘டக்’கென்று ஒரு சத்தம் கொடுக்கும். சத்தம் காதில் விழுந்ததும் அவள் குனிந்து போல்ட்டின் தலையில் சின்னதாக ஒரு தீற்றல் வைப்பாள். சிவப்பு விழுந்த போல்ட்டை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வைத்து வைத்து அவளுக்கே பொட்டு என்று பெயராகிவிட்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. அது அக்கா போட்டது. எந்த வண்டியில் வேலை பாதியில் நிற்கிறதோ, அதன் முன் கண்ணாடியில், ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே, சோப்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். குறி இருக்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போட்டவர்தான் அழிக்க வேண்டும். ஆயில் ஊற்றாத வண்டியை மாமா ஒருநாள் ஞாபகமறதியாக ஸ்டார்ட் செய்து என்ஜினைச் சாகடித்ததற்குப் பிறகு வந்த சட்டம் அது.

“கட்டின புருஷனா இருந்தா என்ன, கண்ணாடியில குறி இருந்தா சாவியத் தொடக் கூடாது” என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள். மாமா இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார்.

இவ்வளவு சட்டம் வைத்திருந்தும் அது நடந்துவிட்டது.

நடந்துவிட்டது என்பது பொட்டுவுக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், கார்ப் பந்தயம் நடக்கும் நானூறு மீட்டர் நேர்ப்பாதையின் ஓரத்தில், வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அவளுக்கு முன்னால் வரிசையில் இரண்டே ஜோடி வண்டிகள். இரண்டிரண்டாக நிற்பார்கள், பச்சை விளக்கு எரியும், பாய்வார்கள். பத்துப் பன்னிரண்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

என்ஜின் செத்துப்போய் மூலையில் கிடந்த அந்தச் சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் காரை அக்காவும் மாமாவும் ஒரு வருடமாகச் செதுக்கியிருந்தார்கள். புது பிஸ்டன், கனத்த கனெக்டிங் ராடுகள், என்ஜினுக்குள் காற்றைத் திணிக்க, பழையதைப்போல இரண்டு மடங்கு பெரிய டர்போ. கம்பெனி கொடுத்த வேகத்துக்கு மேல் எவ்வளவோ ஏற்றிவிட்டார்கள். “இது இனிமே கார் இல்ல. நாலு சக்கரம் வச்ச வெடி” என்று மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடப் பொத்தான் இல்லாத மனிதர். அவரும் மெக்கானிக்தான். டயருக்குக் காற்றடிக்க அவர் கம்ப்ரெசரைப் போட்டார். கடகடகடவென்று அது அலறியது.

பொட்டு சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

அந்தச் சத்தம். வியாழக்கிழமையும் இதே சத்தம்தான்.

வியாழக்கிழமை பிற்பகல். என்ஜின் ஸ்டாண்டில் தலைகீழாகக் கிடந்தது. நாலு ராடுகள், ராடுக்கு இரண்டாக எட்டு போல்ட். பிஸ்டனைச் சுழலும் தண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த எட்டுதான். முதல் சுற்று லேசாக, இரண்டாம் சுற்று முழு இறுக்கம். பொட்டு இரண்டாம் சுற்றுக்கு மட்டும்தான். ஏழு போல்ட்டுக்கு ஏழு டக், ஏழு பொட்டு. எட்டாவதில் மாமா ரெஞ்சை மாட்டினார். அந்த நேரம் பார்த்து மூலையில் கிடந்த கம்ப்ரெசர், உள்ளே காற்று குறைந்துபோய், தானாக ஓட ஆரம்பித்தது. மாமாவின் தோள் அசைந்தது, ரெஞ்ச் போல்ட்டை விட்டு விலகியது. இவள் கை, ஏழு முறை செய்த பழக்கத்தில், தானாகப் போய்ப் பொட்டு வைத்துவிட்டது.

ஆனால் தோள் அசைந்தது ரெஞ்சை இழுக்க அல்ல. பைக்குள் போன் அதிர்ந்திருக்கிறது. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் வெளியே போனார். திரும்பி வந்து எட்டுச் சிவப்பையும் ஒரு பார்வை பார்த்தார். “ஆச்சு. மூடிடலாம்” என்று அடித்தட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

அப்போதே மனதில் ஏதோ முள்ளாக உறுத்தியது அவளுக்கு. ‘மாமா, கடைசிய இழுத்தீங்களா?’ மூன்றே வார்த்தைதான். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போன வருடம் ஒருமுறை பெட்ரோல் வாசனை வருகிறது என்று சொல்லி, ஒரு வாடிக்கையாளரின் வண்டியிலிருந்து டேங்கையே கீழே இறக்க வைத்தாள். ஒன்றும் இல்லை. யாரோ கை துடைத்துப் போட்ட துணி அது. அதிலிருந்து வீட்டில் ரசம் கொஞ்சம் புளித்தால்கூட “பொட்டு, பெட்ரோல் வாசனை வருதா பாரு” என்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாளில் அந்த உறுத்தல் அமுங்கிப்போனது. இப்போது ரேடியோவின் கம்ப்ரெசர் அதைத் தோண்டி எடுத்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் சுவரில் சாவிகள் மாட்டுவதற்கு ஆணி கிடையாது. யாருடைய வண்டியிலிருந்தோ வந்த ஒரு வளைந்த ராடுதான் அங்கே ஆணி. போல்ட் விட்டுப்போனதால் என்ஜினின் இரும்புச் சுவரைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த ராடு அது. வந்த வழியில் கொதிக்கும் ஆயில் பின்சக்கரத்தின் கீழே கொட்டி, வண்டி சுழன்று, தீப்பிடித்தது என்று மாமா சொல்லியிருக்கிறார். அதை ஓட்டியவருக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

பாதையின் இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர். அவள் அதை இப்போதுதான் பார்த்தாள்.

மாமா கூடாரத்துக்குள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன பொட்டு?”

“மாமா... எட்டாவது...”

“எது எட்டாவது?”

“ராடு போல்ட். சத்தம் கேக்கல. கம்ப்ரெசர் ஓடுச்சு. உங்களுக்கு போன் வந்துச்சு.”

மாமா நெற்றியைச் சுருக்கினார். “பொட்டு வச்சியா இல்லையா?”

“வச்சேன்.”

“அப்புறம் என்ன? நான் பாத்தேனே, எட்டும் செவப்பா இருந்துச்சு.”

“வச்சேன் மாமா. ஆனா நீங்க இழுக்கல.”

“நான் இழுக்காம நீ எப்படி வைப்பே? நீ வச்சா நான் கண்ண மூடிட்டு நம்புவேன். அது தெரியும்ல உனக்கு?”

அவள் வைத்த பொட்டே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“ரெண்டு நாளா ஓட்டிப் பாத்தோமே, ஒண்ணும் ஆகலியே” என்றார் மாமா. ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

“மெதுவாத்தானே ஓட்டினோம். புது என்ஜின்னு.”

பக்கத்துக் கூடாரத்திலிருந்து ரேடியோ எட்டிப் பார்த்தார். “என்னப்பா, தங்கச்சிக்குப் பெட்ரோல் வாசனை வந்துடுச்சா?” இந்தக் கதை ஊரெல்லாம் போயிருக்கிறது.

“கொஞ்சம் சும்மா இருங்கண்ணே” என்று மாமா எரிந்து விழுந்தார். பிறகு இவளைப் பார்த்து, “இப்போ நிறுத்தினா அவளுக்கு வாய்ப்பே போச்சு. ஒரு வருஷம், பொட்டு. நிச்சயமா தெரியுமா உனக்கு?” என்றார்.

தெரியாது. அதுதான் பிரச்சினை. மாமா இழுத்தும் இருக்கலாம், அந்த இரைச்சலில் டக் சத்தம் கரைந்தும் இருக்கலாம். திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிற வண்டி வரிசையின் முன்னால் வந்துவிட்டது. டயரைச் சூடாக்கவென்றே நனைத்துவைத்த தரையில் பின்சக்கரங்கள் சுழல, வெள்ளைப் புகை மூட்டமாக எழுந்தது. என்ஜின் ஊளையிட்டது. அந்த ஊளைக்குள் ஒரு சின்னத் தட்டல் கேட்கிறதா? கேட்பதுபோல் இருந்தது. பயத்துக்கு எல்லாமே கேட்கும்.

அவள் ஓடினாள்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்ததும் பின்னால் யாரோ கத்தினார்கள். விளக்குப் போடுகிறவர் மஞ்சள் மேலங்கியோடு இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். புகை கண்ணில் எரிந்தது. “அக்கா” என்று கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கத்தியிருந்தாலும் அந்த இரைச்சலில், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காதில் என்ன விழப்போகிறது?

சட்டைப்பையில் புட்டி இருந்தது. அவசரமாக மூடியைத் திருகினாள். தூரிகை எங்கோ விழுந்துவிட்டது. புட்டியை உள்ளங்கையில் கவிழ்த்து, வண்டியின் மூக்கின் மேல் விழுந்து, கண்ணாடியில் அக்காவின் முகத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்தாள். அதன் குறுக்கே இன்னொன்று.

சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. ஓரங்களில் வழிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை முதலில் குறியைப் பார்த்தன, பிறகு அவளை. அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, என்ன இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் கை சாவிக்குப் போனது.

என்ஜின் நின்றது.

“யாரு நீ? செத்துருப்பியே! அறிவிருக்கா?” விளக்குப் போடுகிறவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். “வண்டிய வெளிய தள்ளுங்க. போச்சு, உங்க ஆட்டம் முடிஞ்சுது. அடுத்த ஆளு!”

வண்டியை வாடகை டிரக்கில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நிச்சயமா தெரியுமாடி?” என்றாள் அக்கா பாதி வழியில்.

“தெரியாது.”

“தெரியாமலா நிறுத்தினே?”

ஆமாம் என்று பொட்டு தலையாட்டினாள். உள்ளங்கையில் சிவப்பு காய்ந்து தோலை இழுத்தது. போல்ட் இறுகி இருந்தால்? அக்கா திட்டமாட்டாள், அது நன்றாகத் தெரியும். ஆனால் இனி வாழ்நாள் முழுக்க இந்த ஒரு நாளை அவள் பேசாமலே வைத்திருப்பாள். இறுகாமல் இருந்தால்? அதை நினைக்கவே முடியவில்லை. இறுகி இருக்க வேண்டுமென்று வேண்டுவதா, இருக்கக் கூடாதென்று வேண்டுவதா என்று தெரியாமல் டிரக் குலுங்கிய போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெயில் சாய்வதற்குள் வண்டி லிஃப்டில் ஏறிவிட்டது. மாமா ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றினார். எட்டுச் சிவப்புப் பொட்டும் ஆயில் பளபளப்போடு வரிசையாகத் தெரிந்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. வைத்தவளுக்கே எது பொய் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

“ஏற்கெனவே இறுகினதுன்னா மாட்டின உடனே டக்குங்கும்” என்றார் மாமா யாருக்கோ சொல்வதுபோல. ரெஞ்சை எடுத்தார்.

முதல் போல்ட். டக். இரண்டாவது. டக். ஒவ்வொன்றுக்கும் அக்கா என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக் கொடுத்தாள். ஐந்து. ஆறு. ஏழும் டக். ஏழாவது சத்தத்தில் மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரலாமா என்று காத்துக்கொண்டிருந்தது.

எட்டாவதில் ரெஞ்சை மாட்டி இழுத்தார்.

ரெஞ்ச் நகர்ந்தது. சத்தம் இல்லை. இன்னும் நகர்ந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. மாமாவின் முழங்கை தூணில் இடித்தது. சத்தம் இல்லை.

அவர் ரெஞ்சைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் போல்ட்டைப் பிடித்துத் திருப்பினார். சாக்பீஸைத் திருப்புவதுபோல் அது திரும்பியது.

கழற்றி எடுத்தபோது, ராடு ஆடிய ஆட்டத்தில் உள்ளே இருந்த பேரிங் தகட்டின் பளபளப்பு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு தெரிந்தது. மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த டயர்மேல் போய் உட்கார்ந்தார். அக்கா சுவரில் சாவிகள் தொங்கும் அந்த ராடையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹெல்மெட் இன்னும் அவள் கையிடுக்கில் இருந்தது.

“நான் இழுத்தேன்னுதான் நெனச்சேன்” என்றார் மாமா. “செவப்பப் பாத்தேன். பாத்ததும் இழுத்த ஞாபகமே வந்துடுச்சு எனக்கு.”

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பொட்டுவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அக்கா மெல்ல அருகில் வந்தாள். “சரி விடு. கண்டுபிடிச்சுட்டே. இப்போ போய்க் கண்ணாடியத் துடைச்சுட்டு வா. நீ போட்டது, நீதான் அழிக்கணும்.”

பொட்டு நகரவில்லை. பயம் தீரும் என்று நினைத்திருந்தாள். அது தீரவில்லை, பரவியது. என்ஜினின் மேல்மூடியில் பத்து போல்ட். டர்போவில் நாலு. சக்கரம் சக்கரமாக ஐந்தைந்து. எல்லாவற்றிலும் சிவப்பு. எல்லாம் இதே கை வைத்தது. எத்தனை முறை அந்தக் கம்ப்ரெசர் ஓடியிருக்கும்?

“துடைக்கமாட்டேன்” என்றாள்.

“என்னது?”

“எல்லாத்தையும் கழட்டணும். நான் வச்ச எல்லாத்தையும். திரும்ப முதல்லேர்ந்து. ஒவ்வொரு டக்கும் மூணு பேர் காதுலயும் விழணும். அதுவரைக்கும் துடைக்கமாட்டேன்.”

அவள் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாமா டயரிலிருந்து தலையைத் தூக்கினார். அக்கா ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?”

பொட்டு மூலைக்குப் போனாள். கம்ப்ரெசரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். வயரைச் சுருட்டிக்கொண்டு வந்து என்ஜினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிளக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போனையும் அணைச்சுடுங்க மாமா” என்றாள்.